இருபத்திரண்டில் ஒரு பொட்டு

எங்கள் வீட்டில் முப்பது வருடமாக ஒரு சண்டை நடந்தது. சண்டை நடந்த இடம் நடைச்சுவர். அங்கே என் நெஞ்சு உயரத்தில் உள்ளங்கை அளவான ஒரு வட்டம் இருந்தது. தெர்மோஸ்டாட் என்று அதற்குப் பெயர், நாங்கள் 'வட்டம்' என்றுதான் சொல்லுவோம். அதைத் திருகினால் பேஸ்மென்டில் நிற்கும் ஃபர்னஸ் உறுமிக்கொண்டு எழும்பி, தரையிலுள்ள துவாரங்கள் வழியாக ஒவ்வொரு அறைக்கும் சூடான காற்றை அனுப்பும். என் மனைவி அதை இருபத்திரண்டு பாகைக்குத் திருப்புவாள். நான் பதினெட்டுக்குத் திருப்புவேன். கனடாவில் குளிரால் செத்தவர் யாருமில்லை, சுவெட்டர் போடாமல் செத்தவர்கள்தான் இருக்கிறார்கள் என்று ஒரு வியாக்கியானமும் சொல்லுவேன். இப்போது இதை எழுதும்போது என் வாயில் நானே ஒன்று போடவேண்டும் போலிருக்கிறது.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். வந்த புதிதில் மொன்ட்ரியால்-நோரில் ஒரு வாடகை வீட்டின் மூன்றாம் மாடியில் இருந்தோம். சூடு வாடகைக்குள் அடக்கம். பெப்ரவரி மாதத்தில் யன்னலைத் திறந்துவிட்டுச் சமைத்திருக்கிறோம். பிறகு பியர்பொன்ட்ஸில் இந்த ஒற்றைத்தட்டு வீட்டை வாங்கினோம். முதல் மாரிக்குளிருக்கு வந்த கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டுக் கதிரையில் இருந்தவன்தான், அந்தப் பயம் கடைசிவரை போகவில்லை. அதோடு எனக்குப் பாண் சுடும் ஃபக்டரியில் வேலை. எட்டு மணித்தியாலம் போறணை அடுப்புக்கு முன்னால் நின்று வெந்துவிட்டு வருகிறவனுக்குப் பதினெட்டு சொர்க்கம்.

அவளுக்கு வேலை, உறையவைத்த கோழியைப் பொதி செய்யும் இடத்தில். இரட்டைக் கையுறை போட்டாலும் விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போய்த்தான் வருவாள். ஒருவர் போறணைக்குள்ளிருந்தும் மற்றவர் குளிர்ப்பெட்டிக்குள்ளிருந்தும் ஒரே வீட்டுக்கு வந்தோம். யாருக்குச் சூடு தேவை என்று ஒரு நாளாவது யோசித்திருக்கலாம். நான் யோசிக்கவில்லை.

"இஞ்சருங்கோ, என்ர விரல் இன்னும் விறைச்சுப்போய்க் கிடக்கு. கொஞ்சம் கூட்டிவிடுங்கோவன்."

"சுவெட்டரைப் போடன். கண்டறியாத குளிர்."

இவ்வளவுதான் எங்கள் உரையாடல். இதையே வருடக்கணக்காகத் திருப்பித் திருப்பிச் சொன்னோம்.

அவள் ஐந்தரைக்கு வருவாள். நான் ஆறரைக்கு வருவேன். வெளிக்குளிரிலிருந்து கதவைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் அவளுடைய மூக்குக்கண்ணாடியில் வெள்ளையாக ஆவி படிந்துவிடும். கண்ணாடியைக் கழற்றினால் வட்டத்திலுள்ள சின்ன எண்கள் தெரியாது. அதற்காக அவள் ஒரு வேலை செய்தாள். இருபத்திரண்டுக்கு நேரே, ஓரத்து வளையத்தில், நெற்றிக்கு வைக்கும் ஒட்டுப்பொட்டு ஒன்றை ஒட்டினாள். கடும் சிவப்புப் பொட்டு. கண்ணாடி இல்லாமலே முள்ளைப் பொட்டுக்குக் கொண்டுபோய் விடலாம். நான் கண்டுவிட்டு, "உதென்ன கூத்து?" என்று கேட்டேன். "நம்பர் தெரியேல்லையப்பா" என்றாள். "தெரிஞ்சு என்ன செய்யப் போறாய், பதினெட்டிலதானே நிக்குது" என்றேன். ஆனாலும் பொட்டை நான் உரிக்கவில்லை. ஆறரைக்கு நான் வரும்போது பெரும்பாலும் முள் பதினெட்டில்தான் நிற்கும். என் சொல்லுக்கு மரியாதை இருக்கிறது என்று எனக்குப் பெருமை.

போன ஒக்டோபரில் அவள் போய்விட்டாள். இருதயம். ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தாள். மூன்றாம் நாள் ஒரு தாதி சூடாக்கிய போர்வை ஒன்றைக் கொண்டுவந்து கழுத்துவரை போர்த்திவிட்டாள். "அப்பாடா" என்றாள் என் மனைவி. அப்படி ஒரு அப்பாடாவை நான் அவள் வாயில் கேட்டதேயில்லை. கட்டிலின் மறுபக்கம் எங்கள் ஒரே மகள் நின்றாள், வான்கூவரிலிருந்து வந்திருந்தாள். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அந்தப் பார்வையை அவள் திருப்பி எடுக்கவேண்டும், அதற்குமேல் எனக்கு இந்த வயதில் ஒரு ஆசையும் இல்லை.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்தபிறகு மகள் போவதற்கு ஆயத்தமானாள். போவதற்கு முதல் நாள் ஒரு பெட்டியோடு வந்து, "அப்பா, டோர்ச்சைக் கொண்டு வாங்கோ" என்றாள். வட்டத்தைக் கழற்றிவிட்டுப் புதிசு பூட்டப்போகிறாளாம். இன்டர்நெட்டோடு தொடுக்கிற சாமான்.

"உது நல்லாத்தானே வேலை செய்யுது?"

"அப்பா, நீங்கள் தனிய இருக்கப்போறீங்கள். ஃபர்னஸ் நிண்டாலும் சொல்லமாட்டீங்கள். இதெண்டா நான் அங்க இருந்தே போனில பார்ப்பன், கூட்டிக் குறைப்பன்."

மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு நான் டோர்ச் பிடிக்க, அவள் போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டு ஓடவிட்டு வேலை செய்தாள். ஒவ்வொரு வயரிலும் சின்ன டேப் துண்டு ஒட்டி எழுத்துப் போட்டாள். வட்டம் சுவரைவிட்டு வந்தபோது அதற்குப் பின்னால் பழைய மஞ்சள் பெயின்ட் வட்டமாகத் தெரிந்தது. அந்த நிறம் வீட்டை வாங்கியபோது இருந்தது, எனக்கு மறந்தே போயிருந்தது.

மகள் வட்டத்தைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். பொட்டு அப்படியே இருந்தது. நிறம் மட்டும் கொஞ்சம் மங்கியிருந்தது.

"இதுக்குள்ள பாதரசம் இருக்கு, குப்பையில போடேலாது. உள்பக்கத்தை நீங்கள் சிற்றிக்காரரின்ர இடத்தில குடுங்கோ. இந்த வளையத்தை நான் கொண்டுபோறன்" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. எனக்கும் அது வேண்டும் போலிருந்தது. முப்பது வருடம் அந்தப் பொட்டோடு சண்டை பிடித்தவன் எந்த முகத்தோடு அதைக் கேட்பது?

புதியது கறுப்புக் கண்ணாடி. யாராவது முன்னால் போனால் தானாக வெளிச்சம் போட்டு அறையின் சூட்டைப் பெரிய எழுத்தில் காட்டும். "இருபதில பூட்டியிருக்கு. நீங்கள் தொடத் தேவையில்லை" என்றாள் மகள்.

"ஏன், நான் என்ன சின்னப்பிள்ளையோ?"

"மே நோ, அப்பா" என்று பிரெஞ்சில் அலுத்துக்கொண்டாள். கோபம் வந்தால் அவளுக்குப் பள்ளிக்கூடத்துப் பாஷை வந்துவிடும். "உங்களை எனக்குத் தெரியும். நான் பிளேன் ஏற முதலே பதினாறில வச்சிட்டு சுவெட்டரோட இருப்பீங்கள்."

மகள் போனபிறகு வீட்டில் ஒரு சத்தமில்லை. பென்ஷன் எடுத்தபோதே வேலையோடு காரும் போய்விட்டது. தனிமை எப்படியிருக்கும் என்று ஆட்கள் கேட்கிறார்கள். நான் சொல்லுகிறேன், அது பெரிய விஷயமாக வராது. ஒரு நாள் முழுக்க நான் வாய் திறந்தது பஸ் சாரதிக்குச் சொன்ன 'பொன்ஜூ'க்கு மட்டும்தான் என்று படுக்கப்போகும்போது தெரியவரும். சோறு இரண்டு பேருக்குப் போட்டுவிட்டு அடுத்த நாளும் அதையே தின்றேன். நடையால் போனால் அந்தக் கறுப்புக் கண்ணாடி பளிச்சென்று விழிக்கும். என்னைக் கண்டு விழிக்கிற ஒரே சாமான் அதுதான் என்று நினைத்து ஒரு நாள் அதற்கு 'என்ன?' என்றும் கேட்டேன். வெட்கம் கெட்ட வேலை.

மகள் வான்கூவருக்குக் குடிபோன நாளிலிருந்து தாய்க்கு ஒவ்வொரு பின்னேரமும் போன் எடுப்பாள். முதல் கேள்வி எப்போதும் "அம்மா, குளிருதோ?" அதில் பிடித்தார்கள் என்றால் கோழிக்கறி, பேரப்பிள்ளையின் இருமல், ஊர்க்கதை என்று ஒரு மணித்தியாலம் ஓடும். எனக்கு அந்தக் கேள்விக்கு இடமில்லாமல் போய்விட்டது. "வீடு இருபதில நிக்குது, பார்த்தனான். சாப்பிட்டீங்களோ? சரி அப்பா, பேந்து எடுக்கிறன்." அவ்வளவுதான். அவளுக்கு வேண்டிய செய்தியைச் சுவர் சொல்லிவிடுகிறது, பிறகு நான் எதற்கு? யாராவது கேட்டால் பதில் சொல்லத் தெரியும், தானாகக் கதை தொடங்க எனக்கு வராது. அதெல்லாம் என் மனைவியின் இலாகாவாக இருந்தது. ஒவ்வொரு நாளும் வந்த போன் கோல் ஞாயிற்றுக்கிழமைக் கோலாகச் சுருங்கியது.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். மனைவியின் படமும் விளக்கும் முன்னறை யன்னலுக்குப் பக்கத்தில் இருந்தன. முப்பத்தொன்றோடு விளக்கை நிறுத்தலாம் என்று ஐயர் சொன்னார், நான் நிறுத்தவில்லை. பின்னேரம் ஐந்தரைக்குக் கொளுத்திப் படுக்கப்போகும்வரை எரியவிடுவேன். ஆனால் அந்த யன்னல் இடுக்கால் காற்று வந்து திரியை அணைத்துக்கொண்டேயிருந்தது. ஒரு பின்னேரத்துக்கு நாலு தரம் கொளுத்தினேன். காற்றில்லாத இடம் எது என்று வீடு முழுக்க நெருப்புக்குச்சியைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். நடைச்சுவரில் சுடர் ஆடாமல் நின்றது. அங்கே ஒரு சின்னத் தட்டு அடித்து, படத்தையும் விளக்கையும் வைத்தேன். கறுப்புக் கண்ணாடிக்குச் சரியாகக் கீழே. படத்துக்கு முன்னால் நான் போய் நிற்கும்போது மேலே வெளிச்சமும் வரும், அது எனக்குப் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகுதான் குளிர் தொடங்கியது.

பகலில் ஒன்றுமில்லை. பொழுதுபட்டு விளக்கைக் கொளுத்திவிட்டுக் கதிரையில் இருந்தால், ஏழு ஏழரைக்கெல்லாம் காலிலிருந்து ஏறத் தொடங்கும். சுவெட்டர் போட்டேன். அதற்குமேல் ஜக்கெட் போட்டேன். தொப்பி போட்டேன். தரைத் துவாரத்துக்குமேல் காலை வைத்துக்கொண்டு இருந்தால் அதிலும் சூடில்லை. எழும்பிப்போய்ச் சுவரைப் பார்த்தால் இருபத்தாறு என்று நிற்கிறது. இருபத்தாறில் மனிசனுக்குக் குளிருமோ? காய்ச்சலாக்கும் என்று வாய்க்குள் தெர்மோமீட்டர் வைத்துப் பார்த்தேன், காய்ச்சலுமில்லை. சுவர் பொய் சொல்லாது, மகள் அவ்வளவு பாடுபட்டுப் பூட்டியது. அப்படியென்றால் பழுது என் உடம்பில்தான்.

ஒரு நாள் விரலைப் பார்த்தேன். நுனி வெளுத்திருந்தது. அவளுடைய விரலும் இப்படித்தான் இருந்தது. அன்றைக்கு எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். இது வீட்டுக் குளிர் இல்லை, அவளுடைய குளிர். தர வேண்டியவளுக்கு நான் தரவில்லை, இப்போது என்னிடம் வந்து நிற்கிறது. சரி, படட்டும். எனக்கு நல்லா வேணும். ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட நினைக்கவேயில்லை. பின்னேரம் வந்தால் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு, அவளுடைய படத்தைப் பார்த்துக்கொண்டு, வாங்கிக் கட்டிக்கொள்ள இருப்பதுபோல இருந்தேன்.

அப்படியிருக்க, ஒரு செவ்வாய்க்கிழமை போன் அடித்தது. செவ்வாயில் மகள் எடுக்கமாட்டாள். என்னவோ என்று பதறிப்போய் எடுத்தேன்.

"அப்பா, ஹீட்டர் ஏதும் வாங்கி வச்சிருக்கிறீங்களோ?"

"என்ன ஹீட்டர்?"

"நான் இருபதில பூட்டினது. பின்னேரமானா இருபத்தேழு காட்டுது. ஒவ்வொரு நாளும். அந்த பிளக் குத்திற ஹீட்டர் எல்லாம் நெருப்புப் பிடிக்கும் அப்பா."

"விசர்க்கதை கதையாதை. ஒரு ஹீட்டரும் இல்லை. நான் இஞ்ச ஜக்கெட்டோட குளிருக்குள்ள இருக்கிறன்."

"இருபத்தேழிலயோ? எனக்கு இங்க தெரியுதப்பா!"

"உனக்குத் தெரியுதெண்டா அதையே நம்பு. என்னை ஏன் கேக்கிறாய்?"

என் குரல் உயர்ந்துவிட்டது. அவளுடையது இறங்கியது. அதுதான் பயம்.

"அம்மா எத்தினை வருசம் கேட்டவ? இருபத்திரண்டு. அதைக் குடுக்கேல்லை நீங்கள். இப்ப தனிய இருந்து இருபத்தேழோ?"

நான் போனை வைத்துவிட்டேன். ஜக்கெட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். குளிரா, கோபமா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் தெரிந்தது, இரண்டுமில்லை. அவள் சொன்னது சரி. இருபத்தேழைப் பற்றித்தான் பிழை, மற்றதெல்லாம் சரி.

அந்த ஞாயிறு கோல் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. நான் எடுத்திருக்கலாம். எடுத்து என்ன சொல்ல? போனை மேசையில் படத்தைப் பார்த்தபடி வைத்துவிட்டு, திரும்பி எடுத்துச் சத்தம் கூட்டியிருக்கிறதா என்று பார்த்து, மறுபடி வைப்பேன். நத்தார்ப் பண்டிகை வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் கேக் ஒரு துண்டு தந்தார், மெர்சி சொல்லி வாங்கினேன். கேக்கை நின்றபடி குசினியில் தின்றேன்.

ஜனவரி நடுவில் நல்லெண்ணெய் முடிந்தது. வெளியே பெரிய பனி கொட்டிக்கொண்டிருந்தது, தமிழ்க் கடைக்குப் போக இரண்டு பஸ் எடுக்கவேண்டும், இரண்டும் ஓடவில்லை. மூலையிலுள்ள தெப்பனோர் கடைக்கு நடந்துபோய்த் தட்டுகளைத் தேடினேன். ஒலிவ் எண்ணெய்தான் இருந்தது. நல்லெண்ணெய் தவிர வேறெதையும் விளக்கில் விட அவள் சம்மதிக்கமாட்டாள். வெறுங்கையோடு வந்து, "இண்டைக்கு இல்லையப்பா, மன்னிச்சுக்கொள்" என்று படத்துக்குச் சொல்லிவிட்டு ஜக்கெட்டோடு கதிரையில் இருந்தேன்.

ஏழு மணிக்கு வியர்த்தது.

தொப்பியைக் கழற்றினேன். ஜக்கெட்டைக் கழற்றினேன். பேஸ்மென்டில் ஃபர்னஸ் உறுமிக்கொண்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது, எத்தனையோ கிழமையாகப் பின்னேரங்களில் அந்த உறுமலையே நான் கேட்கவில்லை. அவள் மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன், கண்ணும் கலங்கியது.

மூன்றாம் நாள் தெரு துப்புரவானதும் எண்ணெய் வாங்கிவந்து விளக்கைக் கொளுத்தினேன். அன்றைக்கும் குளிர் வந்தது. மன்னிப்பு இரண்டு நாளைக்குத்தானோ என்று யோசித்தேன். அடுத்த நாள் விளக்கைக் கொளுத்திவிட்டு, கதிரைக்குப் போகாமல் படத்துக்கு முன்னாலேயே நின்றேன். கண்ணாடியில் இருபது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றேன். இருபத்தொன்று. கீழே ஃபர்னஸ் மூச்சுவிட்டு நின்றது. கீழே ஃபர்னஸ் மூச்சுவிட்டு நின்றது. இருபத்திநாலு. என் கை தானாக எழும்பிக் கண்ணாடிக்குக் கீழே போனது. விளக்குச் சுடரின் சூடு உள்ளங்கையைச் சுட்டது.

அட மொக்கா!

ஆடாத சுடர் தேடிப்போய் அந்தச் சாமானின் நாடிக்குக் கீழே நெருப்பை வைத்திருக்கிறேன். விளக்குச் சூட்டை அது வீட்டுச் சூடென்று நினைத்து ஃபர்னஸை நிறுத்திவிட, நான் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு பாவக்கணக்குப் பார்த்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் போனபிறகு முதல் தரமாகச் சத்தம்போட்டுச் சிரித்தேன். "பார்த்தியே, உன்ர மனிசன்ர மூளையை" என்று படத்தைக் கேட்டேன். அவள் இருந்திருந்தால் இதை ஊரெல்லாம் போன் பண்ணிச் சொல்லியிருப்பாள். அந்த நினைப்பு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. தட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மகளுக்கு எடுத்துச் சொல்லலாம், நான் குற்றவாளி இல்லை என்று நிரூபிக்கலாம். போனைக் கையில் எடுத்தேன்தான். ஆனால் இருபத்தேழுக்குத்தான் என்னிடம் சாட்சி இருந்தது, மனைவிக்கு வைத்த பதினெட்டுக்கு இல்லை. போனை வைத்துவிட்டு, படத்தையும் விளக்கையும் குசினி மேசைக்கு மாற்றினேன். சுவர் இருபதில் நின்றது, வீடும் இருபதில் நின்றது. சரியான சூட்டில், ஒரு சத்தமுமில்லாமல், மூன்று பின்னேரம் போயின.

நாலாம் நாள் இரவு எட்டரைக்கு மகள் எடுத்தாள்.

"அப்பா? சுகமாத்தானே இருக்கிறீங்கள்?"

"ஓம். ஏன்?"

"நாலு நாளா ஏறேல்லை."

"என்ன ஏறேல்லை?"

"அந்த நம்பர். பின்னேரத்தில ஏறுறது" என்றாள். "அப்பா, அண்டைக்கு நான் அப்பிடிக் கதைச்சிருக்கக் கூடாது. பேந்து ஒவ்வொரு நாளும் வேலையில இருந்து போனைப் பார்க்கிறனான். உங்கட அஞ்சரைக்குச் சரியா ஏறத் தொடங்கும். ஒரு கிழமைக்குப் பிறகுதான் எனக்கு விளங்கினது. அம்மா வேலையால வாற நேரமெல்லோ அது. அம்மா வாறதுக்கு வீட்டைச் சூடாக்கி வைக்கிறீங்கள் எண்டு... எடுக்க வேணும் எண்டு நினைப்பன். எடுத்தா அழுதுபோடுவன் எண்டு விட்டிட்டன். இப்ப ஏன் நிப்பாட்டிட்டீங்கள்?"

என் வாய் 'ஓம்' சொல்லத் தயாராக இருந்தது. ஒரு சொல்லுத்தான். சொன்னால் அந்த ஆஸ்பத்திரிப் பார்வை அழிந்துவிடும். நான் மனைவி வரும் நேரத்துக்கு வீட்டைச் சூடாக்கி வைக்கிற நல்ல மனிசனாகிவிடுவேன். அவள் உயிரோடிருக்க ஒரு நாளும் செய்யாததை, செத்தபிறகு செய்ததாகப் பெயர் வாங்கிவிடுவேன். நான் சுவரைப் பார்த்தேன். பழைய மஞ்சள் வட்டத்தின் ஒரு ஓரம் கண்ணாடிக்கு வெளியே தெரிந்தது.

"இல்லை பிள்ளை" என்றேன். "அது விளக்கு."

எல்லாவற்றையும் சொன்னேன். யன்னல் காற்று, தட்டு, சுடர், எண்ணெய் முடிந்தது, எல்லாம். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப வீடு?"

"குளிர்ந்ததுதான்."

"எத்தினை நாளா?"

"ஆறு கிழமை இருக்கும்."

"ஐயோ அப்பா! ஏன் சொல்லேல்லை?"

"சொன்னனான்தானே, நீ நம்பேல்லை." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "பேந்து எனக்கும் அது சரியெண்டு பட்டுது. அம்மாவுக்குக் குளிர்ந்ததிலை கொஞ்சமாவது எனக்கும் குளிரட்டும் எண்டு விட்டிட்டன்."

லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறவில்லை.

"உங்களுக்கு ஒண்டு தெரியுமோ?" என்றாள் பிறகு. "அம்மா வந்தவுடன பொட்டில வைப்பா. நானும் அம்மாவும் அந்தத் துவாரத்துக்குமேல ஒரு போர்வையைப் போட்டுக்கொண்டு இருப்பம். உங்கட கார் சத்தம் கேட்டா நான்தான் ஓடிப்போய்க் குறைக்கிறது. நீங்கள் சப்பாத்துக் கழட்ட முதல் பதினெட்டில நிக்கும்."

பெரும்பாலும் பதினெட்டில் நின்ற அந்த முள்ளை நினைத்தேன். என் சொல்லுக்கு மரியாதை என்று நினைத்திருந்தேன். ஒரு சின்னப்பிள்ளை என் கார் சத்தத்துக்கு எழும்பி ஓடியிருக்கிறது.

"எனக்குத் தெரியாது பிள்ளை" என்றேன். "தெரிஞ்சாலும் கத்தியிருப்பன். நான் பிழை விட்டிட்டன்."

"ஓம்" என்றாள். இல்லையப்பா என்று சொல்லவில்லை. அதற்காக இன்றைக்கும் அவள்மேல் எனக்கு மதிப்பு. பிறகு கேட்டாள், "விளக்கை ஏன் அஞ்சரைக்குக் கொளுத்துறீங்கள்? அங்க நாலரைக்கே இருட்டிடுமே."

"அம்மா வேலையால வந்து கொளுத்திற நேரம் அதுதானே. எனக்கு வேற நேரம் தெரியாது."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பேரப்பிள்ளை பின்னால் இங்கிலீஷில் என்னவோ கேட்க, பொறு என்றாள்.

"இப்ப குளிருதோ அப்பா?"

அந்தக் கேள்வியை அவள் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. வெளியே எத்தனை பாகை, தெருவில் எவ்வளவு பனி, பக்கத்து வீட்டுக்காரர் தந்த கேக்கில் சீனி கூடிவிட்டது என்று ஏதேதோ சொன்னேன். நாற்பது நிமிடம் கதைத்தோம்.

அடுத்த நாள் ஐந்தரைக்குக் குசினியில் விளக்கைக் கொளுத்திக்கொண்டிருந்தேன். கீழே ஃபர்னஸ் உறுமிக்கொண்டு எழும்பியது. வீடு ஏற்கெனவே இருபதில் இருந்தது, எழும்ப வேலையில்லை. நடைக்குப் போனேன். கண்ணாடி விழித்தது. இருபதுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருபத்திரண்டு என்று இருந்தது. நான் தொடவில்லை. வான்கூவரில் அப்போது பகல் இரண்டரை, மகள் வேலையில் இருப்பாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் ஐந்தரைக்கு இருபத்திரண்டுக்கு ஏறுகிறது. ஆறரைக்கு இறங்குவதில்லை, நான் படுக்கும்வரை நிற்கிறது. கோல் ஒவ்வொரு நாளும் வருவதில்லை, அவளுக்கும் பிள்ளை, வேலை. எனக்கு இருபத்திரண்டு சரிவராது. சுவெட்டரைக் கழற்றி, சேர்ட் பொத்தானைத் திறந்து, உள்பெனியனோடு கதிரையில் இருக்கிறேன். முதுகெல்லாம் வியர்க்கிறது. நான் குறைக்கவில்லை.